குடித்துக் காட்டியவள்

ஆமா, நித்திலாதான். நீங்க நினைச்சது சரி. கண்டக்டர்கிட்ட "மதுரை ஒண்ணு"ன்னு நான் கேட்டப்பவே சட்டுன்னு திரும்பிப் பார்த்தீங்க, கவனிச்சேன். முகத்தை மறந்தவங்ககூட இந்தக் குரலை மறக்க மாட்டேங்கிறாங்க. உங்க அத்தை வீடு மேலச்சத்திரமா? லீவுக்கு வருவீங்களா? அப்ப பார்த்திருப்பீங்க. அந்த ஊர்ல சாயங்காலம் ஏழு மணிக்கு எந்த வீட்டுக்குள்ள நுழைஞ்சாலும் முதல்ல வணக்கம் சொல்றது நான்தான்.

நல்லா சாய்ஞ்சு உட்காருங்க. பையை இங்க என் காலடியில வச்சுக்கலாம். அடுத்து என்ன கேட்கப் போறீங்கன்னு தெரியும். டிவியில தண்ணி குடிச்சது நீங்கதானேன்னு. எல்லாரும் அதைத்தான் கேட்கிறாங்க. அந்த ஊர் கேபிள் டிவியில பதினோரு வருஷம் செய்தி வாசிச்சிருக்கேன். வெள்ளம் வந்தப்ப வாசிச்சேன், தேர் சாய்ஞ்சப்ப வாசிச்சேன். அதெல்லாம் ஒருத்தருக்கும் ஞாபகமில்லை. ஒரு டம்ளர் தண்ணி மட்டும் ஞாபகம் இருக்கு.

சொல்றேன், கேளுங்க. முழுசா கேட்டுட்டு அப்புறம் சொல்லுங்க.

என் சொந்தப் பேரு சீனியம்மா. அப்பா அம்மா ரெண்டு பேரும் சீக்கிரம் போய்ச் சேர்ந்துட்டாங்க. எனக்கு அப்புறம் ஒரு தங்கச்சி, ராக்கு. அவளுக்குத் தலை பின்னி, சோறு ஊட்டி, பள்ளிக்கூடம் அனுப்புனதெல்லாம் நான்தான். எனக்குக் கல்யாணம் ஆச்சு. என் வீட்டுக்காரர் திருப்பூருக்கு வேலைக்குன்னு போனார், போனவர் போனவர்தான். அதை விடுங்க.

பங்குனிப் பொங்கலுக்கு அம்மன் கோயில்ல மைக் பிடிச்சு அறிவிப்பு சொல்வேன். "பச்சைச் சட்டை போட்ட குழந்தை ஒண்ணு அழுதுக்கிட்டு நிக்குது, பெத்தவங்க வந்து கூட்டிட்டுப் போங்க" அந்த மாதிரி. அதைக் கேட்டுட்டுத்தான் தவசிலிங்கம் அண்ணாச்சி ஆள் அனுப்புனார். அப்ப அவர் நகராட்சி சேர்மன் ஆகலை. ஊர்ல கேபிள் அவரோடது, அவ்வளவுதான். அப்புறம்தான் ஊரே அவரோடது ஆச்சு.

நான் போய் நின்னேன். என்னை ஏற இறங்கப் பார்த்தார். "குரல் தங்கம். பேருதான் ஒத்து வரலை. சீனியம்மான்னா மளிகைக் கடை ஞாபகம் வருது. இன்னையிலேர்ந்து நீ நித்திலா"ன்னார். ஆபீஸ்ல இருந்தவங்க எல்லாரும் கை தட்டுனாங்க. அப்புறம் தலையில கை வச்சு, "எனக்குப் பொம்பளைப் புள்ளை இல்லை. நீதான் மக"ன்னு சொன்னார். அப்பா போனதுக்கப்புறம் என்னை மகளேன்னு கூப்பிட்ட முதல் ஆள் அவர். அதை நான் இப்பவும் இல்லைன்னு சொல்ல மாட்டேன்.

அவர் மாதிரி ஊரைத் தெரிஞ்சு வச்சிருந்தவர் யாரும் இல்லை. குழந்தைக்குப் பிறந்தநாளா, போட்டோ குடுங்க, காசு வேண்டாம், டிவியில போடுவோம். குழந்தை போட்டோவுக்குப் பக்கத்துல அண்ணாச்சி கும்பிட்ட மாதிரி ஒரு போட்டோ. பொண்ணு வயசுக்கு வந்துச்சா, வாழ்த்துறதும் அவர்தான். சாவு வீட்டுக்கு மாலைக்கு முன்னாடி கேமரா போய் நிக்கும். கேமராவுக்கு முன்னாடி அவர் நிப்பார். ஒருத்தர் வீட்டுல நல்லது கெட்டது எது நடந்தாலும், அந்த கேசட்டைப் போட்டுப் பார்த்தா அதுல அண்ணாச்சி இருப்பார். எப்படி அவருக்கு ஓட்டுப் போடாம இருப்பாங்க?

செய்தியை எழுதி வேற ஆள் குடுப்பார். ஆனா ஆறரை மணிக்கு அண்ணாச்சி எனக்குத் தனியா போன் பண்ணுவார். "மகளே, தண்ணித் தட்டுப்பாடுன்னு எழுதியிருக்கான். தட்டுப்பாடுன்னா ஜனங்க மனசு கலங்கும். கோடைகால நீர்ச் சிக்கனம்னு வாசி." நானும் அப்படியே வாசிப்பேன். என்ன தப்பு? பயந்த புள்ளைகிட்ட பேய்க் கதையா சொல்வாங்க? ஊர்க்காரங்களும் சந்தோஷமாத்தான் கேட்டாங்க. தெருவுல நடந்தா கும்பிடுவாங்க. காய்கறிக்காரம்மா, "நீ சொல்லிட்டா சரியாத்தான் இருக்கும் தாயி"ன்னு ரெண்டு கத்தரிக்காய் சேர்த்துப் போடும்.

அந்த வருஷம் சித்திரையில ரயில்வே கேட்டுக்குக் கிழக்கால புதுசா சாக்கடை தோண்டுனாங்க. தோண்டுனது அண்ணாச்சியோட மச்சினன். குடிதண்ணிக் குழாய் எங்கயோ உடைஞ்சிருக்கு. குழாயைத் திறந்தா தண்ணி டீத்தண்ணி நிறத்துல வந்துச்சு, வாடை வேற. கிழக்குத் தெருக்கள்ல ஒவ்வொருத்தரா படுத்தாங்க. வாந்தி, காய்ச்சல், அப்புறம் கண்ணெல்லாம் மஞ்சள். பொம்பளைங்க காலிக் குடத்தோட நகராட்சி வாசல்ல உட்கார்ந்துட்டாங்க.

அன்னைக்கு நான் வாசிச்சது எனக்கு இப்பவும் மனப்பாடம். "குடிநீர் குறித்துச் சில விஷமிகள் வதந்தி பரப்பி வருகின்றனர். பொதுமக்கள் நம்ப வேண்டாம்." விஷமிகள்ங்கிற வார்த்தையை நான் அழுத்திச் சொன்னேன்னு அண்ணாச்சி ரொம்பப் பாராட்டுனார்.

ஆனாலும் ஜனங்க அடங்கலை. அப்பத்தான் அவர் ஸ்டூடியோவுக்கே வந்தார். வழக்கமா வர மாட்டார். எதிர்ல நாற்காலி போட்டு உட்கார்ந்து, "மகளே, நீ ஒரு டம்ளர் தண்ணியை ஜனங்க பார்க்கக் குடிக்கணும்"ன்னார்.

"நானா அண்ணாச்சி? நீங்க குடிச்சா இன்னும் நம்புவாங்களே."

"நான் குடிச்சா அரசியல்ம்பாங்க. நீ குடிச்சா அவங்க வீட்டுப் பொண்ணு குடிச்ச மாதிரி."

அந்த ஒரு வார்த்தை. அதுல நான் அப்படியே உருகிட்டேன். அவங்க வீட்டுப் பொண்ணு.

டேவிட்னு கேமராமேன், அவன்தான் எவர்சில்வர் டம்ளர் வேண்டாம், கண்ணாடி டம்ளர்னா தண்ணி தெரியும்னான். கொண்டு வந்து வச்சாங்க. நான் கேமராவைப் பார்த்து, "மேலச்சத்திரம் மக்களே, இது நம்ம ஊர் குழாய்த் தண்ணி. நான் குடிக்கிறேன். நீங்களும் தைரியமாக் குடிங்க"ன்னு சொல்லிட்டு, ஒரே மூச்சுல குடிச்சு டம்ளரைக் கவிழ்த்துக் காட்டுனேன். கைக்குட்டையால துடைக்காம புறங்கையால வாயைத் துடைச்சேன், வீட்டுல குடிக்கிற மாதிரி. அதை யாரும் சொல்லித் தரலை, நானாத்தான் செஞ்சேன். ஒரே டேக். அண்ணாச்சி கண்ணுல தண்ணி. ஒரு வாரம் மணிக்கொரு தரம் போட்டாங்க.

நகராட்சி வாசல்ல இருந்த பொம்பளைங்க அன்னைக்குச் சாயங்காலமே எந்திரிச்சு வீட்டுக்குப் போயிட்டாங்க.

இப்ப ராக்குவைச் சொல்லணும். அவளைச் சங்கிலின்னு ஒருத்தருக்குக் குடுத்திருந்தோம். லாரி ஆபீஸ்ல மூட்டை ஏத்துற வேலை, நல்ல மனுஷன், குடி கிடையாது. வீடு ரயில்வே கேட்டுக்குக் கிழக்கால. கல்யாணமாகி ரொம்ப வருஷம் புள்ளை இல்லை. போகாத கோயில் இல்லை, பார்க்காத டாக்டர் இல்லை. அந்தச் சித்திரையில அவளுக்கு ஏழு மாசம். வளையல் நான்தான் போட்டேன், ரெண்டு கையும் நிறைய.

தண்ணி கலங்கி வர ஆரம்பிச்சதும் சங்கிலி சைக்கிள்ல ரெண்டு குடத்தைக் கட்டிக்கிட்டு, தோட்டத்துக் கிணத்துலேர்ந்து தண்ணி கொண்டு வந்துக்கிட்டிருந்தாராம். எனக்கு அது தெரியாது. நான் குடிச்சதைப் பார்த்துட்டு மறுநாள் காலையில ராக்கு போன் பண்ணா.

"அக்கா, தண்ணி நல்லாத்தான் இருக்கா? இவரு காலங்காத்தால போய்ச் சுமந்துட்டு வந்து, அப்புறம் வேலைக்கும் போறாரு. முதுகு வலிக்குதுங்கிறாரு. குழாய்த் தண்ணியே பிடிச்சுக்கலாமா?"

நான் குளிச்சுட்டு ஈரத் தலையோட நின்னேன். ஆபீஸ் கிளம்புற அவசரம். "டிவியில பார்த்தேல்ல?"ன்னு கேட்டேன்.

"பார்த்தேன் அக்கா. அழகா இருந்தே"ன்னா.

நான் வேற ஒண்ணும் சொல்லலை. பிடிச்சுக்கோன்னும் சொல்லலை, வேண்டாம்னும் சொல்லலை. இதை நல்லா மனசுல வச்சுக்கோங்க. என் வாயால நான் பிடிச்சுக்கோன்னு சொல்லவே இல்லை.

அடுத்த மாசம் அவளுக்குக் காய்ச்சல். அப்புறம் மஞ்சக்காமாலை. மாசமா இருக்கிறவங்களுக்கு அது வந்தா ரொம்ப மோசம்னு டாக்டரம்மா சொன்னாங்களாம். எங்க ஊர் கவர்மென்ட் ஆஸ்பத்திரியிலதான் சேர்த்தாங்க. ஆண் குழந்தை. செத்துத்தான் பிறந்துச்சு. ராக்கு பிழைச்சதே பெரிசுன்னாங்க.

நான் போகாம இல்லை. போனேன். ஒரு மத்தியானம் போனேன், அவ மயக்கத்துல இருந்தா. கையைப் பிடிச்சுக்கிட்டு அழுதேன். அண்ணாச்சிக்கு யாரோ சொல்லியிருக்காங்க. போன்ல கூப்பிட்டார். "அழாதே மகளே, முகம் வீங்கிடும். ஏழு மணிக்கு உன் முகத்தைப் பார்த்துத்தான் ஊரே தைரியமா இருக்கு. தங்கச்சியை நான் பார்த்துக்கிறேன்"ன்னார். அவர் சொன்னதுல நியாயம் இருந்துச்சு. ஊர்ல அப்ப நிலைமை அப்படி. நான் ஒரு நாள் வரலைன்னா ஜனங்க என்ன நினைப்பாங்க?

அந்த வாரம் வந்த செய்தி: மஞ்சள் காமாலைக்குக் காரணம் தண்ணி இல்லை, வெளியூர் திருவிழாவுல ரோட்டோரக் கடையில சாப்பிட்டது. வாசிச்சேன். ராக்கு எந்தத் திருவிழாவுக்கும் போகலைன்னு எனக்குத் தெரியும். ஆனா மத்தவங்க போயிருக்கலாமில்லையா?

சொன்ன மாதிரி அண்ணாச்சி ராக்குவைப் பார்க்கப் போனார். கேமராவோடதான், அது வழக்கம். சங்கிலி தோளைக் கட்டிப்பிடிச்சு நின்னார். ஆப்பிள், ஹார்லிக்ஸ், ஒரு பட்டுச்சேலை. அங்கயே நின்ன இடத்துல நகராட்சியில சங்கிலிக்கு வேலைன்னு சொல்லிட்டார். என்ன வேலைங்கிறீங்க? தண்ணி திறந்து விடுற வேலை. தெருத் தெருவா போய் வால்வு திருகணும். அந்தச் செய்தியையும் நான்தான் வாசிச்சேன். என் தங்கச்சி கட்டில்ல கிடக்கிற படம் பக்கத்துல ஓடுது, நான் குரல் உடையாம வாசிச்சு முடிச்சேன். அதெல்லாம் சாதாரண விஷயமில்லைம்மா. டேவிட்கூட கேமராவை விட்டு வந்து, "உங்களால எப்படி முடியுதுக்கா"ன்னு கேட்டான்.

அப்புறம்தான் கலெக்டர் ஆபீஸ்லேர்ந்து தண்ணியை எடுத்துட்டுப் போய்ப் பரிசோதனை பண்ணாங்க. சாக்கடை கலந்திருக்குன்னு வந்துருச்சு. மெட்ராஸ் டிவிக்காரங்க வேன் வேனா வந்து இறங்குனாங்க. அன்னைக்கு மத்தியானம் எனக்கு அண்ணாச்சிகிட்டேர்ந்து போன்: "இன்னைக்கு நீ வர வேண்டாம், ரெஸ்ட் எடு." நான் நிஜமாவே என் மேல உள்ள அக்கறைன்னு நினைச்சேன். நல்லா தூங்குனேன்.

ஏழு மணிக்கு டிவியைப் போட்டா, என் நாற்காலியில ஒரு சின்னப் பொண்ணு. யாழினியாம். அவளுக்கு வீட்டுல என்ன பேரோ. அவ வாசிக்கிறா: "குடிநீர் குறித்து உறுதி செய்யப்படாத தகவலை வாசித்ததோடு, ஆர்வ மிகுதியால் தன்னிச்சையாகத் தண்ணீர் குடித்துக் காட்டி மக்களைத் தவறாக வழிநடத்திய செய்தி வாசிப்பாளர் பணியிலிருந்து நீக்கப்பட்டார்." அதுக்கடுத்து அண்ணாச்சி. "என்னையும் நம்ப வச்சுட்டாங்க. என் ஜனங்களுக்கு இப்படி ஆயிடுச்சே"ன்னு துண்டால வாயைப் பொத்திக்கிட்டு அழுறார். நானே அழுதுட்டேன், அவரைப் பார்த்து. அப்புறம்தான் அது என்னைப் பத்தின செய்தின்னு மண்டையில ஏறுச்சு.

தன்னிச்சையா! நாற்காலி போட்டு எதிர்ல உட்கார்ந்து சொன்னவர் யாரு?

மறுநாள் அவர் வீட்டு வாசல்ல போய் நின்னேன். கார்ல ஏறப் போனவர் என்னைப் பார்த்ததும் நின்னார். சுத்தி ஆளுங்க. கிட்ட வந்து மெதுவா, "மகளே, கொஞ்ச நாள் பொறு. அப்பனுக்காக ஒரு பழி சுமக்க மாட்டியா?"ன்னார். அவ்வளவு கோபத்தோட போனவ, "சரி அண்ணாச்சி"ன்னு சொல்லிட்டு வந்துட்டேன். கொஞ்ச நாள்தானேன்னு நினைச்சேன். அப்புறம் போன் எடுக்கிறதை நிறுத்திட்டார். கேட்ல இருந்த ஆள், "யாரு சீனியம்மாவா?"ன்னு கேட்டான். அந்தப் பேரை அவனுக்கு யார் சொன்னா?

தெருவுல நடக்க முடியலை. அந்தக் காய்கறிக்காரம்மா, ரெண்டு கத்தரிக்காய் சேர்த்துப் போடும்னேனே, அது நான் வர்றதைப் பார்த்ததும் சாக்கை இழுத்துக் கடையை மூடுச்சு. ஒருத்தர்கூட அண்ணாச்சி வாசல்ல போய்க் கத்தலை. என் வாசல்லதான் சாணியைக் கரைச்சு ஊத்துனாங்க. ஊரை விட்டேன். மதுரையில ஒரு ஜவுளிக்கடையில மைக்ல பேசுறேன். மூணாவது மாடி பட்டு, தரைத் தளம் ரெடிமேட். ஆறுமாசம் கழிச்சு எலக்‌ஷன் வந்துச்சு, அவரேதான் ஜெயிச்சார். ஆட்டோவுல ஓடுனது யார் குரல்னு நினைக்கிறீங்க? பழைய ரெக்கார்டிங். "உங்கள் வீட்டுப் பிள்ளை அண்ணன் தவசிலிங்கம்"னு நானே கூப்பிட்டுக்கிட்டுப் போறேன்.

அதைக்கூடப் பொறுத்துக்குவேன். பொறுக்க முடியாதது ராக்குதான். ஒரு போன் இல்லை. நான் பண்ணாலும் சங்கிலி எடுத்து, "தூங்குறா மதினி"ம்பார். எந்நேரமும் தூங்குவாளா ஒருத்தி?

போன ஆடியில நேராவே போயிட்டேன். சாயங்காலம். கதவைத் திறந்தவ, "வா"ன்னா. மெலிஞ்சிருந்தா. காபி போட்டுக் குடுத்தா. சுவத்துல பெருசா கண்ணாடி போட்ட படம், அண்ணாச்சி சங்கிலியைக் கட்டிப்பிடிச்சு நிக்கிறார். ஓரத்துல ஆஸ்பத்திரிக் கட்டில், ராக்குவோட கால் மட்டும் தெரியுது.

"இந்தப் படத்தையா மாட்டி வச்சிருக்கே? யாரால உன் புள்ளை போச்சுன்னு தெரியாதா?"ன்னு கேட்டேன்.

"அவர் வந்தாருக்கா. ரெண்டு தரம் வந்தாரு. நான் அங்க கிடந்த அத்தனை நாளும் நீ டிவியிலதான் வந்தே. வார்டுல எதிர்ச் சுவத்துலதான் டிவி இருந்துச்சு."

"அடியே, அவர் என்னையும் ஏமாத்துனார்டி! எல்லாரும் நான் வேணும்னே செஞ்சேன்னு நினைக்கிறாங்க. நான் குடிச்சது குழாய்த் தண்ணியே இல்லை, தெரியுமா? கேன் தண்ணி. கேன் தண்ணியைக் குழாய்த் தண்ணின்னு சொல்லிக் குடிக்க வச்சுட்டார்!"

அதைக் கேட்டாலாவது அவளுக்கு அவர் மேல கோபம் வரும்னு நினைச்சேன். அவ என்னையே பார்த்தா.

"கேன் தண்ணின்னு உனக்கு யார் சொன்னா?"

"யார் சொல்லணும்? வாயில வச்சதுமே தெரியாதா? ஜில்லுன்னு, ஒரு உப்பில்லாம. நம்ம ஊர்த் தண்ணியை நான் நேத்தா குடிக்கிறேன்?"

ராக்கு காபி டம்ளரை என் கையிலேர்ந்து வாங்கிக் கீழ வச்சா.

"மறுநாள் காலையில நான் உனக்குப் போன் பண்ணேன் அக்கா"ன்னா.

சத்தமாக்கூடச் சொல்லலை. ஆபீசுக்குப் போற அவசரத்துல ஒருத்தி நிக்கிறப்ப போன் பண்ணா எதைன்னு யோசிப்பா? அவளுக்கு அந்த நேரம் நல்லாத் தெரியும், நான் கிளம்புற நேரம்னு. நான் பிடிச்சுக்கோன்னு சொல்லலைன்னு உங்ககிட்ட சொன்னேனா இல்லையா? தண்ணியில சாக்கடையைக் கலந்தது நானா? கலந்தவர் படம் சுவத்துல இருக்கு, வளர்த்தவ தரையில உட்கார்ந்திருக்கேன். இதை எந்த ஊர் நியாயம்னு சொல்வீங்க?

அப்ப மணி ஏழு. கடிகாரத்தைக்கூடப் பார்க்காம எந்திரிச்சுப் போய் டிவியைப் போட்டா. நான் ஏதோ சொல்ல வாயெடுத்தேன். "இரு, நியூஸ் ஓடுது"ன்னா. யாழினி வாசிக்கிறா. புதுசா மேல்நிலைத் தொட்டி கட்டியிருக்காங்களாம், திறப்பு விழா. அண்ணாச்சி வால்வைத் திருகுறார். அவருக்குப் பின்னாடி காக்கிச் சட்டை போட்டுக்கிட்டு ஒரு ஆள், கையில ஸ்பேனரோட. சங்கிலி.

"இந்தா, இந்தா இவரு! பாரு அக்கா, இவரு வர்றாரு!"

என் கையைப் பிடிச்சு உலுக்குறா. முகம் அப்படி மலர்ந்து போச்சு. புள்ளை போனதுக்கப்புறம் அவ சிரிச்சே இருக்க மாட்டா, அன்னைக்குச் சிரிச்சா. அப்புறம் பிடிச்சிருக்கிறது என் கைன்னு ஞாபகம் வந்து மெதுவா விட்டா.

நான் எந்திரிச்சேன். வெளிய வந்து செருப்பைப் போட்டுக்கிட்டு வாசல்ல நின்னேன். அக்கா சாப்பிட்டுப் போன்னு சொல்வாளோன்னு நின்னேன். உள்ள நியூஸ் முடிஞ்சு, அந்தப் பொண்ணு வணக்கம் சொல்லுச்சு.

ராக்கு பதிலுக்கு வணக்கம்னா. டிவியைப் பார்த்து.